தைப்பூசச் சேலை: தாய்மார்கள் கவனத்திற்கு

தைப்பூசம் நெருங்கிவிட்டால் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா ஆகிய இடங்களில் உள்ள துணிக்கடைகளில் மஞ்சள் சேலைகள் குவிந்துவிடும். விலையையும் பளபளப்பையும் மட்டுமே பார்த்து வாங்கும் தாய்மார்கள், அச்சேலையை உடுத்திப் பால்குடம் ஏந்தியவாறே பத்துமலையின் 272 படிகளையும் ஏறவேண்டும் என்பதை மறந்துவிடலாகாது.

நமது வெப்பத்திற்கும் கூட்ட நெரிசலுக்கும் பருத்திச் சேலையே உகந்தது. அது வியர்வையை உறிஞ்சும். காற்றுப் புக இடந்தரும். பாலியஸ்டர் சேலையிலோ உடல் புழுங்கும். அதனினும் பெரிய ஆபத்து நெருப்பு. கற்பூரத் தட்டும் நெய்விளக்கும் நிறைந்த சந்நிதியில் முந்தானை தீப்பற்றினால், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதே. ஆகவே எச்சேலையாயினும் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொள்ளுதல் வேண்டும்.

பருத்தி என்று கூறி விற்கப்படுவன யாவும் பருத்தி அல்ல. ஓரத்து நூலிழை ஒன்றை வீட்டில் கவனமாக எரித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பருத்தி, காகிதம் எரிவதுபோல் மணந்து மென்சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் சேலை ஓரத்தைத் தேய்த்தால், சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

தங்க நகைகளை வீட்டிலேயே பத்திரப்படுத்திவிட்டு, மல்லிகைச் சரத்துடன் வருதல் நலம்.

சில வாரங்களுக்கு முன்னரே நிதானமாக வாங்கி, ஒருமுறை அலசி உலர்த்தி வைத்துவிட்டால், பூசத்தன்று சேலையைப் பற்றிய கவலையின்றி மனம் முருகப் பெருமானிடமே நிலைத்திருக்கும்.