வீட்டுச் சவர்க்காரமும் தராசும்

கொடியில் உலரப்போட்ட வெள்ளைச் சட்டையை மாடு சப்பித் தின்னக் கண்டவர் வாசகர்களுள் எத்தனை பேரோ அறியோம். நாம் கண்டிருக்கிறோம். அச்சட்டை எமது பள்ளிச் சீருடை.

1990 ஆம் ஆண்டின் பின்னர், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் கடைகளிற் சவர்க்காரத்தைக் காண்பதே அரிதாகிய காலம் அது. அப்போது எம்மவர்க்குக் கைகொடுத்தது பனம்பழம். தோலை உரித்து, நாரோடு கூடிய கொட்டையைத் துணியிலே தேய்த்தால் நுரை எழும். அழுக்கும் ஓரளவு போகும். பனங்களியிலே பிளபெல்லிபெரின் எனப்படும் சப்போனின் வகைப் பொருள்கள் உள. களியின் கசப்பு அவற்றால் வருவது. நீரில் நுரைப்பது சப்போனின்களின் இயல்பு. ஆயின் களியின் மஞ்சள் நிறமும் மணமும் துணியை விட்டு எளிதில் நீங்குவதில்லை. மணத்தை நாடி மாடு வரும். பின்னர் நடந்ததை முன்னரே கூறினோம்.

ஆவணி, புரட்டாதி கழிந்தால் பனம்பழமும் இல்லை. அத்தகைய ஒரு வேளையிலேதான் எங்கிருந்தோ சிறிது எரிசோடா எமது தாயாரின் கைக்கு வந்தது. தேங்காயெண்ணெயிற் செய்த முதற் சவர்க்காரம் நன்றாகவே வாய்த்தது. இரண்டாம் முறை தேங்காயெண்ணெய் கிடைக்கவில்லை. வேப்பெண்ணெயை எடுத்து, முன்போலவே சிரட்டையால் அளந்து, முன்போலவே எரிசோடாவை இட்டார். அச்சவர்க்காரத்தினால் ஒருநாட் பகல் முழுவதும் கிணற்றடியில் நின்று தோய்த்த தாயாரின் விரல்கள் தோலுரிந்து, சோறு பிசையவும் இயலாதிருந்ததை நாம் மறந்தோமில்லை. எண்ணெய் சரியில்லை என்றார் அவர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே நம்பியிருந்தோம். எண்ணெயிற் குற்றமில்லை என்பது பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்ற பின்னரே விளங்கிற்று.

பெயரிலேயே காரத்தை வைத்திருக்கும் இப்பொருள், எண்ணெயும் காரமும் தாக்கமுற்று உண்டாவது. எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்கள் கிளிசரோலை விட்டுப் பிரிந்து சோடியத்துடன் சேரும். கொழுப்புகளின் அமைப்பைப் பிரான்சிய அறிஞர் செவ்ருல் ஆராய்ந்து 1823 இல் நூலாக வெளியிட்டார். வீட்டிற் சவர்க்காரம் செய்வோர் அறியவேண்டியதோ இதுதான்: ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காரத்தின் அளவு வேறு. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் சிறிய மூலக்கூறுகள். ஒரே நிறையில் அவை எண்ணிக்கையிற் கூடுதலாக இருத்தலின், காரமும் கூடுதலாக வேண்டும். 1 கிலோகிராம் தேங்காயெண்ணெய்க்கு எரிசோடா ஏறத்தாழ 183 கிராம் செல்லும். வேப்பெண்ணெய்க்கு ஏறத்தாழ 140 கிராம் போதும். எஞ்சும் நாற்பது கிராமும் எங்கே போகும்? தாயாரின் விரல்களுக்கே போயிற்று.

2022 இல் விலைவாசி ஏறிச் சவர்க்காரக் கட்டியொன்றை வாங்கவும் யோசிக்க வேண்டியிருந்தபோது, எமது மாணவர் சிலர் செய்முறையைக் கேட்டனர். முதலில் தயங்கினோம். பின்னர் ஆய்வுகூடத்துத் தராசை எடுத்து மேசையில் வைத்தோம்.

தேங்காயெண்ணெய் 500 கிராம், எரிசோடா 90 கிராம், நீர் 200 கிராம். மூன்றையும் நிறுத்தே எடுத்தல் வேண்டும். சிரட்டையும் கோப்பையும் இங்கே உதவா. கையுறையும் கண்காப்பும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் நின்று, எரிசோடாவைச் சிறிது சிறிதாக நீரில் இடுக. எரிசோடாவின் மேல் நீரை ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. கொதித்து முகத்திலே தெறிக்கும். பாத்திரம் துருவேறா உருக்காக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரத்தை எரிசோடா அரித்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவை எழுப்பும். கரைசல் அடுப்பின்றியே சூடேறுவதைக் கண்டு மாணவர் வியந்தனர். அது இளஞ்சூட்டுக்கு ஆறியபின் எண்ணெயில் மெல்ல ஊற்றி, ஒடியற்கூழின் பதம் வரும்வரை கிளறுதல் வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. எமது வகுப்பில் நால்வர் மாறி மாறிக் கிளறினர். பின்னர் அச்சில் வார்த்து மறுநாளே வெட்டிவிடுக. தாமதித்தால் இறுகி, வெட்டும்போது நொறுங்கும். நான்கு வாரம் காற்றில் உலர்ந்த பின்னரே கட்டிகளைப் பாவிக்கலாம். ஈரமாக்கிய கட்டியிற் பீ.எச். தாளை வைத்துப் பார்க்கையில் 11 ஐத் தாண்டினால் கைபடாது ஒதுக்கிவிடுக.

சிறுவர்கள் இவ்வேலையைத் தனியே செய்தல் கூடாது. கரைசல் தோலிற் பட்டால் ஓடும் நீரில் இருபது நிமிடமாவது கழுவுக; தேசிப்புளி பூசும் வழக்கம் வேண்டா. கண்ணிற் பட்டால் உடனே நீரால் நன்கு கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

சுண்ணக்கல் நிலத்திலமைந்த எமது கிணறுகளின் நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து, தயிர்போலத் திரிந்து துணியில் ஒட்டும். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் உப்புநீரிலும் நுரைக்க வல்லது. ஆயினும் வாளி நீரில் முதலிற் சிறிது சலவைச் சோடா கரைத்துக்கொண்டால் திரிதல் குறையும். கட்டியைத் துருவி வெந்நீரிற் கரைத்து ஊறவைப்பின், தோய்க்கும் கல்லில் அடிக்கும் வேலையும் பாதியாகும். பட்டுச் சேலைக்கும் கம்பளிக்கும் இதனைப் பாவியாதீர்கள். காரம் அவ்விழைகளைக் கெடுக்கும்.

கட்டியொன்றைத் தாயாரிடம் கொண்டுசென்றோம். அவர் இப்போது முதியவர். முகர்ந்து பார்த்து, "வேப்பெண்ணெயே போட்டனீ?" என்றார். இல்லையென்றோம். தராசின் கதையைச் சொன்னோம். தம் விரல்களைச் சற்று நேரம் பார்த்திருந்து, "அப்ப அந்த எண்ணெயில பிழையில்லை" என்றார்.

மறுநாட் காலை எமது வெள்ளைச் சட்டை கொடியில் தொங்கிற்று. வேலிக்கு அப்பால் நின்ற மாடு திரும்பியும் பார்க்கவில்லை.