சிலந்தியாக வந்த அன்னை

சிலந்தியைக் கண்டதும் துடைப்பத்தைத் தேடுவோர் நம்மிற் பலர். லூயிஸ் பூர்ஷுவா என்னும் பெண் சிற்பியோ, அதனிடத்தே தம் அன்னையைக் கண்டார்.

இவர் 1911 இல் பாரிஸ் நகரிற் பிறந்தவர். அன்னையார் ஜோசபின், நைந்துபோன பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடுவதில் வல்லவர். அச்சீலைகளின் அடிப்பாகத்திற் சிதைந்துபோன உருவங்களின் பாதங்களைச் சிறுமி லூயிஸ் வரைந்து கொடுப்பார். அதனைப் பின்பற்றி ஊசியும் நூலும் ஓடும். 1932 இல் அன்னையார் மறைந்தபோது மகளுக்கு வயது 20.

1938 இல் நியூயோர்க்கிற் குடியேறிய லூயிஸ், சிற்பியாகப் பெரும்புகழ் எய்தினார். ஆயினும், அன்னையின் நினைவு அகலவில்லை. 63 ஆண்டுகள் கழித்து, 1995 இல், 'என் அன்னைக்கோர் புகழ்ப்பா' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்புடன், சிலந்திச் சித்திரங்கள் ஒன்பது கொண்ட நூலொன்றை வெளியிட்டார். அறுந்த வலையைச் சலியாது மீண்டும் பின்னும் சிலந்தியே அவர் கண்ட அன்னை.

அச்சித்திரங்கள் செப்புத் தகட்டில் ஊசியாற் கீறி அச்சிடப்பட்டவை. கீறிய கோட்டின் ஓரத்தே மெல்லிய உலோகப் பிசிர் எழும். அதிற் தங்கும் மையே கோட்டுக்குக் கனிவைத் தருவது. அச்சுப்பொறியின் அழுத்தத்தாற் பிசிர் விரைவிலே தேய்ந்துவிடும். ஆதலின், இம்முறையிற் சில பிரதிகளே எடுப்பது வழக்கம்.

1999 இல் 30 அடிக்கு மேல் உயர்ந்த சிலந்திச் சிற்பமொன்றைப் படைத்து, 'அம்மா' என்றே பிரெஞ்சு மொழியிற் பெயரிட்டார். அதன் வயிற்றின்கீழ்ப் பளிங்கு முட்டைகள் பத்திரமாயிருக்கின்றன.

2010 இல் லூயிஸ் மறைந்தார். அன்னை ஊசியாற் கிழிசலைத் தைத்தார். மகள் ஊசியாற் செம்பைக் கீறினார். அழியவிருந்ததைக் காத்தனர் இருவரும்.