பேதுருவின் உரைபெயர்ப்பாளர்

நேயர்களே, நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள். இதனை எழுதியவர் இன்னார் என்று நூலுக்குள் ஓரிடத்திலேனும் பெயர் இல்லை. லூக்காவின் முன்னுரையில் ஒருவர் தம்மைப் பற்றிப் பேசுகிறார். தம் பெயரை மட்டும் சொல்லவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்பன தலைப்பிலே நிற்கும் பெயர்கள். நால்வரையும் ஒருசேரப் பெயர் சொல்லி நிறுத்தியவர், ஏறத்தாழ கி.பி. 180இல் எழுதிய லியோன் நகரத்து ஆயர் இரேனியுஸ்.

அவருக்கும் முந்திய சாட்சி ஒருவர் உண்டு. இன்றைய துருக்கியிலுள்ள ஹியராப்போலிஸ் நகரத்து ஆயர் பப்பியாஸ். இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐந்து புத்தகங்கள் எழுதினார், ஐந்தும் அழிந்துபோயின. நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் முதலானோர் எடுத்தாண்ட துணுக்குகளே மிச்சம். பப்பியாசை அறிவு குறைந்தவர் என்று ஏளனஞ் செய்தவரும் இதே யூசேபியுஸ்தான்! ஏடுகளைவிட உயிருள்ள குரலையே பப்பியாஸ் பெரிதாக மதித்தாராம். வானொலி நேயர்களுக்கு இவரைப் பிடிக்காமற் போகுமா?

மூப்பர் ஒருவர் கூறியதாகப் பப்பியாஸ் தரும் செய்தி இது: மாற்கு இயேசுவின் போதனையைக் கேட்டவரல்லர், அவரைப் பின்தொடர்ந்தவருமல்லர். பேதுருவின் உரைபெயர்ப்பாளராக, அதாவது துபாஷியாக இருந்தவர். நினைவிலிருந்தவற்றைப் பிழையின்றி எழுதினார். ஆனால் வரிசைப்படி எழுதவில்லை. பேதுரு அவ்வப்போதைய தேவைக்கேற்பப் போதித்ததே அதற்குக் காரணம். இதிலே ஒரு சமாதானம் சொல்லும் தொனி இருக்கிறதல்லவா? நூலில் ஒழுங்கில்லை என்று அக்காலத்திலேயே யாரோ குறைகூறியிருக்க வேண்டும்.

மத்தேயு எபிரேய மொழியில் தொகுத்தார் என்றும் பப்பியாஸ் கூறுகிறார். நம் கையிலுள்ள மத்தேயுவோ கிரேக்கத்திலேயே எழுந்த நூலாகத் தெரிகிறது. மாற்குவின் பெரும்பகுதியை, பல இடங்களில் அதே சொற்களில், தன்னுள் கொண்டிருக்கிறது. நேரில் கண்ட சீடர் ஒருவர், காணாதவரின் ஏட்டை ஏன் நம்பியிருக்க வேண்டும்? இன்றைய ஆய்வாளர் பலர் இந்த மரபை ஏற்காதது இதனாலேதான்.

மாற்குவின் கதை வேறு. பெயரைப் புனைவதானால் பேதுருவின் பெயரையே சூட்டியிருக்கலாமே! அப்படியொரு 'பேதுரு சுவிசேஷம்' இரண்டாம் நூற்றாண்டில் வழங்கியதுமுண்டு. அதன் ஒரு பகுதி 1886–87இல் எகிப்தின் அக்மீமில் அகப்பட்டது. சீடரல்லாத ஒருவரின் பெயர் நிலைத்ததற்கு உண்மையான நினைவு ஏதோ இருந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். மறுப்போரிடமும் வலுவான வாதம் உண்டு. பேதுருவின் முதலாம் நிருபம் தன் முடிவில் மாற்குவை அவரின் மகன் என்று குறிக்கிறது. அந்த ஒரு வரியிலிருந்தே இந்த உறவு முழுவதும் கட்டப்பட்டிருக்கலாம் என்கிறார்கள் அவர்கள்.