படத்தில் ஒரு பிலிப்பினோகூட இல்லை... ஆனாலும் பிலிப்பைன்ஸின் அடையாளம்! 'ஸ்போலியாரியம்' ஓவியத்தின் கதை

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு சுவரையே நிரப்பி நிற்கிறது அந்த ஓவியம். உயரம் 4 மீட்டருக்கு மேல், அகலம் 7 மீட்டருக்கு மேல். பெயர் 'ஸ்போலியாரியம்'. வரைந்தவர் ஹுவான் லூனா.

இதில் ஒரு பிலிப்பினோ முகம்கூட கிடையாது. அந்த நாட்டு வயலோ, கடலோ, மலையோ எதுவும் இல்லை. அப்புறம் எப்படி இது அந்த நாட்டின் அடையாளமா மாறுச்சு?

ஓவியத்தில் என்ன இருக்கு?

பண்டைய ரோமில் கிளாடியேட்டர்கள் எனும் வீரர்களை மோதவிட்டு மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். இறந்தவர்களை அரங்கத்துக்குக் கீழே உள்ள அறைக்கு இழுத்துச் சென்று, உடைகளையும் ஆயுதங்களையும் உருவி எடுப்பார்கள். அந்த அறைதான் ஸ்போலியாரியம்.

படத்தின் நடுவே ரத்தக்கறையோடு உடல்கள் இழுத்து வரப்படுகின்றன. இடதுபுறம் வேடிக்கை பார்க்கும் கூட்டம். வலதுபுறம் இருட்டில் தரையில் சரிந்து கிடக்கிறாள் ஒரு பெண்.

1884-ல் நடந்தது என்ன?

அப்போது பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் காலனி. 300 ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஆட்சிதான். உள்ளூர் மக்களை 'இந்தியோ' என்று இளக்காரமாகக் கூப்பிட்ட காலம் அது.

அந்தச் சூழலில், மாட்ரிட்டில் நடந்த தேசிய நுண்கலைக் கண்காட்சியில் லூனாவின் ஓவியம் தங்கப் பதக்கம் வென்றது. இன்னொரு பிலிப்பினோ ஓவியரான ஃபெலிக்ஸ் ஹிடால்கோவுக்கு வெள்ளி கிடைத்தது.

நடுவர்களைப் பொறுத்தவரை இது ரோமானிய வரலாற்றை ஐரோப்பிய பாணியில் சொல்லும் ஒரு படம். ஆனால் மாட்ரிட்டில் இருந்த பிலிப்பினோ இளைஞர்கள் அதை வேறு மாதிரி பார்த்தார்கள்.

ஜூன் 25 அன்று, வென்ற இருவரையும் பாராட்டி ஒரு விருந்து நடந்தது. அதில் பேசியவர் ஹோசே ரிசால், அப்போது 23 வயது மாணவர். திறமைக்கு நாடோ இனமோ எல்லை கிடையாது என்றார் அவர். தங்கள் மக்களின் நிலையும் அந்த ஓவியங்களில் தெரிவதாகப் பேசினார்.

அதன்பிறகு படத்தின் அர்த்தமே மாறிப்போனது. இழுத்துச் செல்லப்படும் உடல்கள் பிலிப்பைன்ஸ், இழுப்பவர்கள் ஸ்பெயின் என்று மக்கள் பார்க்கத் தொடங்கினார்கள். 1896 டிசம்பர் 30 அன்று ரிசாலை ஸ்பெயின் அரசு சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு இந்த ஓவியத்தை வெறும் ரோமானியக் கதையாக யார் பார்க்க முடியும்?

நாடு திரும்பியது எப்போது?

ஓவியத்தை முதலில் வாங்கியது பார்சிலோனா மாகாண நிர்வாகம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சேதமடைந்த அது, பின்னர் சீரமைக்கப்பட்டது. 1958-ல் ஸ்பெயின் அதை பிலிப்பைன்ஸுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. யாருடைய ஆட்சிக்கு எதிரான குரலாக மக்கள் அதைப் பார்த்தார்களோ, அந்த நாடே கொடுத்த பரிசு!

பலரும் பேசத் தயங்கும் பக்கம்

1892-ல் பாரிஸில் லூனா தன் மனைவியையும் மாமியாரையும் சுட்டுக் கொன்றார். மனைவி மீதான சந்தேகமே காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆணின் 'மானம்' பெண்ணின் உயிரை விடப் பெரிதாக மதிக்கப்பட்ட காலம் அது. இது தெரிந்தபின் லூனாவின் ஓவியங்களில் வரும் பெண்களைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள்.

ஓவியத்துக்கு மட்டும்தானா?

இல்லை. மிண்டனாவோ தீவின் லேக் செபு பகுதியில் டிபோலி பழங்குடிப் பெண்கள் 'டினாலக்' என்ற துணியை நெய்கிறார்கள். வாழை இனத்தைச் சேர்ந்த அபாகா செடியின் நார்தான் மூலப்பொருள். கருப்பு, சிவப்பு, நாரின் இயல்பான வெளிர்நிறம் ஆகிய மூன்றுதான் மரபான நிறங்கள். அபாகாவின் காவல் தெய்வமான 'ஃபு டாலு' கனவில் வந்து டிசைனைக் காட்டும் என்பது அவர்களின் நம்பிக்கை. இந்தக் கலைக்காக லாங் டுலே என்ற நெசவாளருக்கு 1998-ல் தேசிய விருது கிடைத்தது.

திருமணப் பேச்சில் சீராகக் கைமாறும் துணி இது. அதே டிசைனை மெஷினில் பிரிண்ட் செய்து பையாகத் தைத்தால், வாங்குபவருக்கு அது அழகான கோடுகள் மட்டுமே. கனவு கண்டவருக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை.

வடக்கே இஃபுகாவ் மலைப்பகுதியில் 'புலுல்' என்ற மரச்சிலைகள் உண்டு. நெற்களஞ்சியத்தைக் காக்கும் இவற்றுக்குப் பன்றி ரத்தமும் அரிசி மதுவும் படைத்துச் சடங்கு செய்வார்கள். சடங்கு நடக்கும் வரை அது வெறும் மரம்தான். பழைய சிலைகள் மீது படிந்திருக்கும் கருமையைப் பழம்பொருள் சேகரிப்பவர் மதிப்புக் கூட்டும் பளபளப்பாகப் பார்க்கிறார். அந்தக் குடும்பத்துக்கோ அது தலைமுறை தலைமுறையாக நடந்த அறுவடைகளின் தடம்.

அப்போ எப்படிப் பார்க்கணும்?

ஒரு கலைப்பொருளைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் உதவும். யார் செய்தது? யாருக்காகச் செய்தது? இப்போது அது இருக்கும் இடத்துக்கு எப்படி வந்தது? ஸ்போலியாரியத்தில் மூன்றாவது கேள்விக்கான பதிலே ஒரு நாட்டின் வரலாறு. புலுல் சிலை விஷயத்தில், அதே கேள்விக்கு விற்பவரிடம் பல நேரம் பதிலே இருக்காது.