கடலோரமா ஒரு பதநீர்ப் பயணம்!

சித்திரை பிறந்தால் மதுரை அடுப்பு மேல் வைத்த சட்டிதான். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா!" என்று நச்சரிப்பு. கொடைக்கானலில் கால் வைக்க இடமிருக்காது. இந்த வருஷம் கார் கடல் பக்கம் திரும்பட்டுமே!

வெளிநாட்டில் இதற்கென்றே ஊர் சுற்றுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் கடலோரமாக வரிசையாய் விஸ்கி ஆலைகள். டிக்கெட் எடுத்து உள்ளே போய், செம்புக் கொப்பரையில் சரக்கு வடிவதைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மடக்கு ருசி பார்த்து வருகிறார்கள். பக்கத்து இலங்கையில், தென்மேற்குக் கரையோரத்தில் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, அதன் மேலேயே நடந்துபோய்க் கள் இறக்குகிறார்கள். தென்னஞ்சாராயம் அதில்தான் பிறக்கிறது. கோவாவின் முந்திரிப்பழ பெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

நம்ம பக்கம் என்ன இருக்கிறது என்கிறீர்களா? பனை இருக்கிறது! போதை தராத பானம், பார்க்கக் காசு கேட்காத 'ஆலை'.

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் என்று தூத்துக்குடி வரை போகலாம். பிறகு திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு உடன்குடி. ஒரு பக்கம் உப்புக் காற்று, மறுபக்கம் தேரி மணலும் பனங்காடும். தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடி வரை இங்கே பதநீர் காலம். விடியற்காலையில் போனால்தான் மரத்திலிருந்து இறக்குவதைப் பார்க்கலாம். வெயில் ஏறிய பிறகு போனால் காலி மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்!

கலயத்துக்குள் என்ன நடக்கிறது?

பனையின் பாளையை நசுக்கிக் கட்டி, நுனியை தினமும் மெல்லிசாகச் சீவி விடுவார்கள். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும் சாறைக் கலயத்தில் பிடிப்பார்கள். இந்தச் சாறில் பத்துப் பன்னிரண்டு சதவிகிதம் சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட், பாக்டீரியா கிருமிகளுக்கு இது கல்யாண விருந்து. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். ராத்திரி தொங்கவிட்ட கலயத்தில் காலையில் நுரை பொங்கிக்கொண்டு கள்! அப்படியே விட்டால் அடுத்த கிருமிக் கூட்டம் வந்து அந்த ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும்.

இதைத் தடுக்க நம் முன்னோர் கண்டுபிடித்தது வெறும் சுண்ணாம்பு. கலயத்தின் உள்பக்கம் பூசினால் சாறு காரத்தன்மைக்கு மாறும். கிருமிகளுக்கு அது ஆகாது. இனிப்பு இனிப்பாகவே நிற்கும். அதே மரம், அதே பாளை, அதே கலயம்தான். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். (தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. பதநீருக்குத் தடை இல்லை.)

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர, ஒரேயடியாக நிறுத்தாது. "ஊருக்கு வாங்கிட்டுப் போவோம்" என்று பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, கொதிக்கிற காரின் டிக்கியில் போட்டுவிடாதீர்கள். மதுரை வருவதற்குள் பாட்டில் உப்பி, மூடியைத் திறந்தால் 'புஸ்'ஸென்று சீறும். அப்புறம் அது பதநீர் அல்ல. குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ கொடுக்கவே கூடாது. இறக்கிய சில மணி நேரத்துக்குள், மரத்தடியிலேயே பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள். நுங்கைச் சீவிப் போட்டால் இன்னும் விசேஷம். தெருவோர ஐஸ் மட்டும் வேண்டாம்.

வௌவால் வாய் வைக்காத கலயமா என்றும் கேளுங்கள். வங்காள தேசத்தில் பச்சையாகக் குடிக்கும் ஈச்சஞ்சாறு வழியாக நிபா வைரஸ் மனிதர்களைத் தாக்கியிருக்கிறது. பழந்தின்னி வௌவால்கள் ராத்திரியில் கலயத்தைத் தேடி வருவதுதான் காரணம். கலயத்துக்கு மூடாக்குப் போட்டிருப்பவரிடம் வாங்குவது நல்லது. கொதிக்க வைத்துக் காய்ச்சிய கருப்பட்டியில் இந்தப் பயம் இல்லை.

விடிலிக்குள் ஒரு எட்டு

பனங்காட்டு ஓரத்தில் ஓலைக் குடிசை போட்டுப் பதநீர் காய்ச்சும் இடத்துக்கு விடிலி என்று பெயர். உள்ளே பெரும்பாலும் பெண்கள்தான். "உள்ள வரலாமா, ஆச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனால், "வாங்க தாயி, புகை கண்ணைக் கரிக்கும், பாத்து நில்லுங்க" என்று இடம் விடுவார்கள். பொங்கி வரும் நுரையை அடக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மணிக்கணக்கில் கிண்டி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பத்து லிட்டர் பதநீருக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோதான் தேறும். மரம் ஏறுகிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார். இத்தனைக்கும் பிறகு சீனி விலைக்குக் கருப்பட்டி கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதில் பாதி சீனிதான்! நல்ல கருப்பட்டியில் லேசான உப்புக் கரிப்பும் புகை வாசமும் இருக்கும். 2023-ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரிதானால் போலியும் பெருகும். கண்ணெதிரே காய்ச்சியதை வாங்குவதுதான் லாபம்.

சாராய ஆலையிலும் நடப்பது இதே அடுப்பு வேலைதான், தலைகீழாக! விடிலியில் ஆவியைப் போகவிட்டு, சட்டியில் தங்குவதை எடுக்கிறோம். அங்கே சட்டியில் இருப்பதை விட்டுவிட்டு ஆவியைப் பிடிக்கிறார்கள். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். எத்தில் ஆல்கஹாலுக்கு 78 டிகிரி போதும். அதனால் ஆவியில் ஆல்கஹால் செறிவாக இருக்கும். அதைக் குளிர வைத்தால் சாராயம்.

கருப்பட்டி சுகர்காரருக்கு ஆகுமா?

பலரும் ஏமாறும் இடம் இது. "கருப்பட்டிக் காப்பிதானே, ஒண்ணும் செய்யாது" என்று ரெண்டு டம்ளர் குடிக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. தாது உப்புக்கள் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான். ஒரு 200 மில்லி டம்ளர் பதநீரில் நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை கரைந்திருக்கிறது. வெயிலில் அலைந்த பிள்ளைக்கு அது தெம்பு. மாத்திரையிலும் இன்சுலினிலும் இருப்பவர் ரெண்டு வாய் ருசி பார்ப்பதோடு நிறுத்தட்டும். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வழியில் யாராவது "அசல் சரக்கு" என்றால்...

அப்பாவுக்கோ, டிரைவருக்கோ, கூட வந்த மச்சினருக்கோ இந்த அழைப்பு வரலாம். இதே கிழக்குக் கடற்கரைச் சாலையின் வடகோடியில், மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் 2023 மே மாதம் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். காரணம் மெத்தனால், தொழிற்சாலைகளுக்கான ரசாயனம். பார்வைக்கும் வாசனைக்கும் சாதாரண ஆல்கஹால் மாதிரியே இருக்கும். ஈரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றும். அது முதலில் தாக்குவது கண் நரம்பை.

குடித்தவுடன் போதை மட்டும்தான் தெரியும். விஷம் வேலை காட்ட அரை நாள், ஒரு நாள் கூட ஆகலாம். வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், 'கண்ணு முன்னாடி வெள்ளையா பனி மூட்டமா இருக்கு' என்ற பேச்சு... இதைக் கேட்டால் மோர் கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு. சீக்கிரம் போனால் பார்வையும் உயிரும் பிழைக்கலாம். போலீஸுக்குப் பயந்து மறைத்ததில் போன உயிர்கள் நிறைய. என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

கடைச் சரக்கு பரவாயில்லையா? பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. வண்டி ஓட்டுகிறவருக்கோ சட்டமே கடிவாளம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019-லிருந்து முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. கறுப்புக் காப்பி, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது எதுவும் ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. ஈரல் தன் வேகத்தில்தான் எரிக்கும்.

திரும்பி வரும்போது டிக்கியில் கருப்பட்டி, கொஞ்சம் சுக்குக் கருப்பட்டி, இருமலுக்குப் பனங்கற்கண்டு இருந்தால் போதும். கருப்பட்டியை ஓலைக் கொட்டானிலேயே வாங்கி, வீட்டில் ஈரம் படாத மண்பானையில் வையுங்கள். ஐப்பசி மழையில் கசியத் தொடங்கினால் ஒரு நாள் வெயில் காட்டி எடுத்து வைக்கலாம். காப்பிக்குப் போடும்போது மட்டும், தட்டிக் கரைத்து வடிகட்டிவிட்டுப் போடுங்கள். அடியில் மணல் தங்கும். தேரிக்காட்டுச் சரக்கு ஆச்சே!