வேர் தேடும் ஏடுகள் – 6: "நம்பர் கிடைத்ததா?"

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால், விவரம் தெரிந்த பெரியவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "நம்பர் கிடைத்ததா?" என்றுதான். கப்பலை விட்டு இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும், டர்பன் அன்று அடங்கியிருந்த நேட்டால் காலனியின் அரசு ஒரு வரிசை எண் கொடுத்தது. கல்யாணம், புகார், சாவு என்று எல்லாவற்றிலும் அந்த எண் கூடவே வந்தது. பிள்ளைகளின் பிறப்புப் பதிவில்கூட அப்பா, அம்மா இருவரின் எண்களும் எழுதப்பட்டன.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் கரையை எட்டியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஊர் திரும்பியவர்கள் 1871இல் சென்னையில் கொட்டிய குறைகளைக் கேட்டு, மறு வருடமே நேட்டாலில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. 1866இல் நின்றுபோயிருந்த ஆள் ஏற்றுமதி, 1874இல் மறுபடி தொடங்கியது. 1911இல் இந்திய அரசு அடியோடு நிறுத்தும்வரை போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள்.

அத்தனை பேருக்கும் கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம் என்று கட்டங்கள் நீளும். அங்க அடையாளத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. ஓடிப்போனால் பிடிப்பதற்காகக் குறித்துக்கொண்ட தழும்பும் மச்சமும், முகம் தெரியாத பாட்டனைப் பற்றிப் பேரனுக்குக் கிடைக்கிற ஒரே உருவக் குறிப்பாக நிற்கின்றன. எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். சில வரிகளின் ஓரத்தில் ஊர் திரும்பிய வருடமும் கப்பலும், சிலவற்றில் இறந்த தேதியும் உண்டு. வரலாற்றாசிரியர்கள் சுரேந்திர பானாவும் ஜாய் பிரெய்னும் பெருமுயற்சி எடுத்து இந்தப் பட்டியல்களைப் படியெடுத்தார்கள். அதனால் இன்று கணினியிலேயே தேட முடிகிறது.

தேடுபவருக்குக் கொஞ்சம் காதும் வேண்டும். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய முனுசாமி, 'மூன்சாமி' ஆகிவிட்டார். தகப்பன் பெயரே பல குடும்பங்களுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ஆகவே ஒரே பாட்டனின் இரண்டு பிள்ளைகள் இரண்டு குடும்பப் பெயர்களோடு இருக்கலாம். பெயர் ஏமாற்றும் இடத்தில் எண் கைகொடுக்கும்.

வந்து இறங்கிய பிறகு அந்தப் பாட்டன் எப்படி வாழ்ந்தார்? ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருடம் 14. பெண்களுக்கு அதில் பாதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் குற்றம். வேலைக்கு வராவிட்டாலும் குற்றம். இங்கேதான் ஏடுகளின் விசித்திரம் தெரிகிறது. தலை குனிந்து ஐந்து வருடத்தை ஓட்டியவருக்குக் கப்பல் பட்டியலின் ஒற்றை வரிக்கு மேல் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. ஓடிப்போனவர், முறைத்துக்கொண்டவர், அடித்த எஜமானன் மேல் பிராது கொடுத்தவர் ஆகியோரைப் பற்றித்தான் காகிதம் கட்டுக்கட்டாக இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் ஆவணக் காப்பகங்களில், கூலிகளைக் கவனிக்க அரசு அமர்த்திய குடியேற்றப் பாதுகாவலரின் அலுவலகக் கோப்புகளில் அவர்களின் குரல் பதிவாகியிருக்கிறது.

ஒப்பந்தக் கூலி பாலசுந்தரத்தின் கதை நமக்குத் தெரியும். 1894இல், எஜமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அவர் காந்தியின் அலுவலகத்துக்குள் வந்தார். அவர் சொன்னதைக் காந்திக்கு எடுத்துச் சொன்னவர் அங்கிருந்த தமிழ் குமாஸ்தா. டாக்டர் சான்றிதழ், மாஜிஸ்திரேட்டிடம் மனு, பாதுகாவலரின் ஒப்புதல், வேறொரு முதலாளியின் பெயருக்கு ஒப்பந்த மாற்றம் என்று விஷயம் நகர்ந்தது. விலகிப் போக அவருக்கு உரிமை இல்லை. கை மாற்றிவிடத்தான் சட்டத்தில் வழி இருந்தது. ஒரு பாட்டனின் எண்ணுக்கு எதிரே நடு ஒப்பந்தத்தில் முதலாளி பெயர் மாறியிருந்தால், பின்னால் இப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் அதே எண் மறுபடி தோட்டத்தில் தென்பட்டால் 3 பவுன் வரியை நினைத்துக்கொள்ள வேண்டும். 1895ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வருடா வருடம் 3 பவுன், அதாவது 60 ஷில்லிங் கட்ட வேண்டும். முதல் வருடக் கூலியின் கணக்கில் அது ஆறு மாதச் சம்பளம். பின்னர் 16 வயதான ஆண் பிள்ளைக்கும் 13 வயதான பெண் பிள்ளைக்கும்கூட வரி போட்டார்கள். 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு இந்த வரியே முக்கியக் காரணம். 1914இல் அது ரத்தானது.

வரியைத் தாங்கிக்கொண்டு காய்கறி பயிரிட்டவர்களும், கூடை சுமந்து விற்றவர்களும், கொஞ்சம் நிலம் வாங்கியவர்களும் உண்டு. அப்படிச் சொத்து விட்டுச் சென்றவருக்கு இன்னொரு ஏடு இருக்கும்: உயர் நீதிமன்ற அதிகாரியிடம் தாக்கலான இறப்பு அறிவிப்பு. பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும்.

ஊர்ப் பெயரோடு தமிழ்நாட்டுக்கு வருபவருக்கு வேறு சிக்கல். பட்டியலில் அடிக்கடி வரும் ஜில்லா வட ஆற்காடு. 1911இல் அதிலிருந்து சித்தூர் பிரிந்தது. மிச்சம் இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று சிதறிக் கிடக்கிறது. 1890இல் எழுதிய ஒரு கிராமம் இன்று ஆந்திராவில் இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஊரைக் கண்டுபிடித்தாலும் அங்கே பட்டா, அடங்கல் எல்லாம் நிலம் உள்ளவன் பேரில்தான். குழி நிலம்கூட இல்லாமல் கப்பல் ஏறியவரின் பெயர் கிராமக் கணக்கில் ஏறியிருக்க வழியில்லை. அவருடைய பெயரையும் தகப்பன் பெயரையும் தழும்பையும் எழுதிவைத்தது, அவரைக் கூலிக்குப் பிடித்துப்போன அரசுதான்.

நேட்டாலின் பட்டியலில் இல்லாத ஒன்று மொரீஷியஸில் உண்டு. அங்கே 1860களிலிருந்தே கூலிகளைப் புகைப்படம் எடுத்தார்கள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் காத்துவரும் அந்தப் படங்களும் பதிவேடுகளும் அடுத்த வாரம்.

(தொடரும்)