டெம்பரேச்சர் முள் ஏறுதா? கூலன்ட் எங்கே போகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

மே மாதம், மதியம் 2 மணி. பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் கார் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஏசியில் குளிர்ச்சி குறைந்த மாதிரி இருக்கிறது. டேஷ்போர்டைப் பார்த்தால், எப்போதும் நடுவில் நிற்கும் டெம்பரேச்சர் முள் 'ஹெச்' பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, போயிடலாம்' என்றுதான் முதலில் தோன்றும். ஒரு ஹோஸ் பைப்பை மாற்றினால் முடிந்திருக்கும் வேலையை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாக மாற்றிவிடுவது பெரும்பாலும் அந்த இரண்டு கிலோமீட்டர்தான்.

கூலன்ட் என்பது பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. மூடிய பாதையில் சுற்றிச் சுற்றி வருவது. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், அது எங்கோ வெளியேறுகிறது என்று அர்த்தம். எங்கே என்பதை, பெரிய கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

சூடு எப்படி அடங்குகிறது?

வாட்டர் பம்ப் கூலன்டை இன்ஜினுக்குள் சுற்றவிடுகிறது. சூடான கூலன்ட் ரேடியேட்டருக்கு வந்து, காற்றில் ஆறி, மறுபடியும் இன்ஜினுக்குப் போகிறது. நடுவில் கதவு மாதிரி இருப்பது தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும்வரை மூடியிருந்து, பல கார்களில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் திறக்கும். வண்டி நிற்கும்போது காற்று கிடைக்காது என்பதால், அந்த வேலையை மின்விசிறி செய்கிறது.

இந்த அமைப்பு பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தில் இயங்குகிறது. சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட், மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். அதனால்தான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தம் போன அடுத்த நொடியே கூலன்ட் கொதித்து, முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தாலும் இதே கதைதான்.

வழியில் முள் ஏறினால்?

முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுசாக வையுங்கள். வியர்த்துக் கொட்டும்தான், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே நிறுத்த வேண்டும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறட்டும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடக்கூடும்.

ஏறிய முள் திடீரென்று கீழே இறங்கினால் 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று கிளம்பிவிடாதீர்கள். கூலன்ட் மொத்தமாகக் காலியாகி, சென்சார் வெறும் காற்றில் இருந்தாலும் முள் இறங்கும்.

காலையில் 10 நிமிடச் சோதனை

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். இரவே அடியில் ஒரு பெரிய அட்டையோ பழைய செய்தித்தாளோ விரித்துவிடுங்கள். காலையில் இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

- ரிசர்வாயர் டேங்கில் அளவு 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். அளவை போனில் படம் எடுத்து வைத்து, ஒரு வாரம் கழித்து ஒப்பிடுங்கள்.
- தரையில் சொட்டுவதெல்லாம் கூலன்ட் இல்லை. நிறமும் மணமும் இல்லாமல் இருந்தால் ஏசி தண்ணீர், கவலை வேண்டாம். பச்சை, பிங்க், ஆரஞ்சு, நீலம் என ஏதாவது ஒரு நிறத்தில், விரலுக்கு வழவழப்பாக, லேசான இனிப்பு மணத்தோடு இருந்தால் கூலன்ட். கருப்பாகவோ பழுப்பாகவோ பிசுபிசுத்தால் இன்ஜின் ஆயில்.
- ஹோஸ் பைப் முனைகள், கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம், வாட்டர் பம்ப் அடிப்பகுதி ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்து காய்ந்த கூலன்ட் உப்புப் படிந்த மாதிரி கறை விட்டுச் செல்லும். பல கசிவுகள் சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டுமே சொட்டும். தரை காய்ந்திருந்தாலும் இந்தக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.
- ஆறிய ஹோஸை அமுக்கிப் பாருங்கள். உப்பி, தொளதொளவென்று இருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.
- மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் இறுகியோ கிழிந்தோ இருந்தால் அழுத்தம் நிற்காது. பெரிய பழுது என்று பயந்து போனவர்கள், மூடியை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்புவதும் உண்டு.

வெளியே கசிவே இல்லை, ஆனாலும் குறைகிறதே?

அப்படியென்றால் உள்ளே போகிறது. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ஹீட்டர் கோர். காருக்குள் இனிப்பு வாசம், முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி மூட்டம், முன் சீட் கால் வைக்கும் இடத்தில் மிதியடிக்குக் கீழே ஈரம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

இன்னொன்று, எல்லோரும் பயப்படும் ஹெட் கேஸ்கெட். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் நிற்காமல் வெள்ளைப் புகை வருவது, ஓடும்போது ரிசர்வாயரில் குமிழிகள் வருவது, ஆயில் ஸ்டிக்கில் பால் கலந்த டீ நிறம் தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோங்கள். ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தால், அது குறைந்த தூரம் ஓட்டும் வண்டியில் சேரும் ஈரமாகவும் இருக்கலாம். ஸ்டிக்கையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அளவு சரி, சூடு மட்டும் ஏறுகிறது?

எங்கே ஏறுகிறது என்பதுதான் துப்பு. சிக்னலில், டோல்கேட்டில் ஏறி, ஹைவேயில் இறங்கினால் விசிறி மேல் சந்தேகப்படலாம். ஏசியைப் போட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் விசிறி சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லலாம். சில கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் விசிறி தானாகச் சுற்றும். கையும் துப்பட்டாவும் பத்திரம்.

மாறாக, ஊருக்குள் சரியாக ஓடி, ஏற்காடு மாதிரி மலை ஏறும்போதோ ஹைவே வேகத்திலோ ஏறினால், ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

தண்ணி ஊத்தினா போதாதா?

அவசரத்துக்கு, இன்ஜின் ஆறிய பிறகு ஊற்றலாம். அதோடு விட்டுவிட்டால் துருவும் உப்பும் படிந்து ரேடியேட்டரை அடைக்கும். வேலை முடிந்ததும் முழுசாக மாற்றிவிடுங்கள். 'மஞ்சத்தூள் போட்டா லீக் நின்னுடும்' என்பது நம் ஊரில் பழகிய வைத்தியம். சின்ன ஓட்டையைச் சில நாள் அடைக்கலாம், கூடவே ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடலாம். 'நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிடலாம்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரம் எடுக்கும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். உண்மையான கசிவு அப்படியேதான் இருக்கும்.

சிந்திய கூலன்டை வாசலில் விட்டுவிடவும் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். தெருநாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது 'வண்டி ஹீட் ஆகுதுண்ணே' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'டிராஃபிக்ல மட்டும் ஏறுது, ஃபேன் சுத்தல, கூலன்ட் குறையல' என்று சொல்லிப் பாருங்கள். மெக்கானிக்குக்கு வேலை பாதி முடிந்துவிடும். தேவையில்லாமல் ரேடியேட்டரை மாற்றும் செலவும் உங்களுக்கு மிச்சமாகும்.